சட்டத்துக்கு விலை கொடுத்தவர்கள்

கும்மிடிப்பூண்டிக்கு அருகில் ஒரு காலனியில் ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம். சமுதாயக் கூடத்தில் கரண்ட் இல்லை என்பதால் வாசலிலேயே பாய் விரித்து உட்கார்ந்தோம். இருபது பெண்கள் வந்திருந்தார்கள். பாதிப் பேர் சிப்காட் கம்பெனிகளுக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள். மூன்று பேர் கல்லூரி மாணவிகள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். உள்ளகக் குழு, புகார் மனு, மூன்று மாதக் கெடு என்று வழக்கமான வரிசையில் சொல்லிக்கொண்டு போனோம்.

நடுவில் ஒரு பெண் கேட்டார். பேக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர், நாற்பது வயதிருக்கும். "இதெல்லாம் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிற மேடங்களுக்குப் போட்ட சட்டம்தானேம்மா? எங்களுக்கு இன்னா இருக்குது இதுல?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவர் வேலை செய்யும் இடத்தில் அந்தச் சட்டத்தைப் பற்றிய அறிவிப்பு ஆங்கிலத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் உள்ள பெயர்கள் அவருக்குத் தெரியாதவை. அந்த மேடங்கள் உட்காரும் மாடிக்கு அவர் ஏறியதே இல்லை. ஆனால் இந்தச் சட்டங்கள் வந்த வரலாறு வேறு கதை சொல்கிறது. பணியிடத்திலும் காவல் நிலையத்திலும் இந்நாட்டுப் பெண்களுக்கு இன்று இருக்கும் சட்டப் பாதுகாப்பில் பெரும்பகுதி, ஒடுக்கப்பட்ட சாதிகளையும் பழங்குடிகளையும் சேர்ந்த ஏழைப் பெண்கள் உடலாலும் உயிராலும் விலை கொடுத்ததால் கிடைத்தது. எழுதி முடிக்கும்போது அவர்களுடைய சாதி மட்டும் சட்டத்திலிருந்து கழன்று விழுந்துவிட்டது. அன்று பாயில் உட்கார்ந்து அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாகச் சொல்லப் பார்க்கிறோம்.

ஆலை வாசலுக்கு வந்த வழி

செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து 1997இல் உருவானது திருவள்ளூர் மாவட்டம். இங்கே ஐந்தில் ஒருவருக்கும் மேல் பட்டியல் சாதியினர். ஆந்திர எல்லை வரை நீளும் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரங்களில் இருளர் குடியிருப்புகளும் ஏராளம். செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. கொல்கத்தா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் அருகருகே ஓடுவதால் இரும்பு உருக்கு ஆலைகளும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளும் இங்கே குவிந்தன.

நம் பெண்கள் இந்த ஆலைகளுக்கு விரும்பி வந்தார்களா, தள்ளப்பட்டு வந்தார்களா? தேர்வாய் கண்டிகையைப் பாருங்கள். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. ஊரைச் சுற்றியிருந்த மேய்ச்சல் நிலமும் காடுமாக ஆயிரம் ஏக்கருக்கும் மேல் சிப்காட் பூங்காவுக்கு எடுக்கப்பட்டபோது அந்த மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார்கள். ஆடு மாடு மேய்ப்பது, விறகு பொறுக்குவது, காட்டுப் பழமும் மூலிகையும் சேகரிப்பது என்று பெண்கள் கையில் இருந்த சிறு வருமானத்துக்கு அந்த நிலம்தான் ஆதாரம். அப்படிப்பட்ட நிலம் போன பிறகு மிஞ்சுவது தினக்கூலி. அதையும் காண்ட்ராக்டர் வழியாகத்தான் வாங்க வேண்டும்.

காண்ட்ராக்டர் யார்? பெரும்பாலும் ஊர்த் தெருக்காரர். வேனில் ஏற்றிப் போகிறவர், லைன் சூப்பர்வைசர், நாளை வேலை உண்டா இல்லையா என்று சொல்கிறவர் என எல்லோரும் அதே வட்டத்திலிருந்து வருவதை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். நேற்று வரை வயலில் அதிகாரம் செய்த சாதி இன்று ஷிப்ட் பட்டியலைக் கையில் வைத்திருக்கிறது. சூப்பர்வைசர் ஒரு பெண்ணின் தோளைத் தொடும்போது, புகார் கொடுத்தால் அவளுடைய வேலை மட்டும் போகாது என்பதும் அவருக்குத் தெரியும். அவள் அண்ணனுக்கு ஊருக்குள் டீக்கடை வாசலில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். ஆலைக்குள் நடக்கும் வன்முறைக்கு ஆலைக்கு வெளியே ஒரு முதுகெலும்பு இருக்கிறது. அதன் பெயர் சாதி.

1942: நாக்பூரில் கேட்ட குரல்

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் இல்லை. 1942 ஜூலை 20 அன்று நாக்பூரில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு நடந்தது. தலைமை வகித்தவர் சுலோசனாபாய் டோங்ரே. சுமார் 25,000 பெண்கள் கூடியிருந்தார்கள். ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்களின் முன்னேற்றத்தைக் கொண்டே அளப்பேன் என்று பாபாசாகேப் அங்கேதான் பேசினார். ஒவ்வொரு ஏப்ரல் 14 அன்றும் அந்த வாசகம் நம் கைப்பேசிகளில் சுற்றி வருகிறது.

அதே மாநாட்டில் அந்தப் பெண்கள் நிறைவேற்றிய தீர்மானங்களை யாரும் பகிர்வதில்லை. விவாகரத்து உரிமை, ஆலையிலும் பீடிக் கம்பெனியிலும் வேலை செய்யும் பெண்களுக்கு விடுப்பும் காயத்துக்கு இழப்பீடும் ஓய்வூதியமும், மாணவிகளுக்கு விடுதி ஆகியவற்றைக் கேட்டார்கள். பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் பெண் மேற்பார்வையாளர்களை நியமிக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. அந்த வரிக்குள் என்னென்ன அனுபவங்கள் அடங்கியிருந்தன என்பதை நம் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "பாலியல் துன்புறுத்தல்" என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்தில், அதைத் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்பதைத் தலித் பெண் தொழிலாளர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நாடு அதைக் காதில் வாங்கவில்லை.

மதுரா, 1972

மகாராஷ்டிராவின் சந்திரப்பூர் மாவட்டத்தில் தேசாய்கஞ்ச் காவல் நிலையம். 1972 மார்ச்சில், விசாரணைக்கு வந்த மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமி அந்த நிலையத்துக்குள்ளேயே காவலர்களால் வன்கொடுமைக்கு ஆளானாள். வீட்டு வேலை செய்து பிழைத்தவள், பெற்றோர் இல்லாதவள். மும்பை உயர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 1978 செப்டம்பரில் விடுதலை செய்தது. அவள் உடலில் காயம் இல்லை, கூச்சல் போடவில்லை, ஆகவே அவள் இணங்கியிருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். காவல் நிலையத்துக்குள் இரவில் மாட்டிக்கொண்ட ஓர் ஆதிவாசிப் பெண் கூச்சல் போட்டால் யார் வருவார்கள் என்று நீதிபதிகள் யோசிக்கவில்லை.

1979இல் உபேந்திர பக்ஷி, லத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அதிலிருந்து நாடெங்கும் பெண்கள் இயக்கம் எழுந்தது. 1983இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்கொடுமை தனிக் குற்றமானது. அத்தகைய வழக்குகளில் பெண் தான் சம்மதிக்கவில்லை என்று சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றுத் தொடங்க வேண்டும் என்ற விதி வந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றமானது. இன்று எந்தச் சாதிப் பெண் காவல் நிலையப் படி ஏறினாலும் மதுராவால் வந்த பாதுகாப்போடுதான் ஏறுகிறார். மதுராவுக்குக் கடைசிவரை நீதி கிடைக்கவில்லை.

1992: இரண்டு ஊர்கள்

1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சொல்லி வனத்துறையினர், போலீஸ், வருவாய்த்துறையினர் சேர்ந்து அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், மக்களை அடித்தார்கள், 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். பொறுப்புள்ள அரசு ஊழியர்கள் இப்படி நடந்திருக்க மாட்டார்கள் என்ற கருத்தில் முதலில் உயர் நீதிமன்றத்தில் மனு தள்ளுபடியானது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரித் தோழர்களும் விடாமல் போராடியதால் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கு 19 ஆண்டுகள், மேல்முறையீடு முடிய மேலும் 12 ஆண்டுகள்.

வாச்சாத்திக்கு மூன்று மாதம் கழித்து, 1992 செப்டம்பர் 22. ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் மாவட்டத்தின் பட்டேரி கிராமம். பன்வாரி தேவி அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் சொற்ப மதிப்பூதியத்துக்கு வேலை பார்த்த களப்பணியாளர். குயவர் சமூகத்தைச் சேர்ந்தவர். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அவருக்கு அரசு கொடுத்த வேலை. ஊரின் ஆதிக்கச் சாதியான குஜ்ஜர் குடும்பம் ஒன்றில் பச்சைக் குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதற்குப் பழிவாங்க, வயலில் கணவரை அடித்துப் போட்டுவிட்டு அவரைக் கூட்டு வன்கொடுமை செய்தார்கள். மருத்துவப் பரிசோதனைக்கே இரண்டு நாட்களுக்கு மேல் அலைய விட்டார்கள். 1995 நவம்பரில் விசாரணை நீதிமன்றம் வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து எல்லோரையும் விடுவித்தது. மேல்சாதி ஆண்கள் கீழ்சாதிப் பெண்ணை இப்படித் தொட்டிருக்க மாட்டார்கள் என்ற போக்கில் அதன் வாதம் சென்றது.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். வாச்சாத்தியில் அதிகாரிகள் செய்திருக்க மாட்டார்கள். பட்டேரியில் மேல்சாதியினர் செய்திருக்க மாட்டார்கள். தீண்டாமை பகலில்தான், பாலியல் வன்முறைக்குத் தீண்டாமை கிடையாது என்பது சேரியில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. நீதிமன்றத்துக்கு மட்டும் அது தெரியாமல் போயிற்று.

பெயரில்லாத தீர்ப்பு

பன்வாரி தேவிக்கு நேர்ந்ததை முன்வைத்து விசாகா உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. அரசு கொடுத்த வேலையைச் செய்ததற்காக ஒரு பெண் தாக்கப்பட்டால் அவரைப் பாதுகாக்கும் பொறுப்பு வேலை கொடுத்தவருக்கு இல்லையா என்பது கேள்வி. 1997 ஆகஸ்ட் 13 அன்று தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா, சுஜாதா மனோகர், பி.என். கிர்பால் அமர்வு தீர்ப்பளித்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சமத்துவ உரிமைக்கும் வாழ்வுரிமைக்கும் எதிரானது, ஒவ்வொரு நிறுவனமும் புகார் குழு அமைக்க வேண்டும் என்றது. நாம் இன்றும் "விசாகா கமிட்டி" என்று சொல்வது இதிலிருந்து வந்ததுதான்.

அந்தத் தீர்ப்பை எடுத்துப் படித்தால் பன்வாரி தேவியின் பெயர் வராது. ராஜஸ்தான் கிராமம் ஒன்றில் ஒரு சமூகப் பணியாளருக்கு நேர்ந்த கொடுமை என்று ஒரு குறிப்பு வரும். அது தனிக் குற்ற வழக்கு, மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை என்று நீதிமன்றம் கடந்துவிடும். சாதி என்ற பேச்சே இல்லை. நாங்கள் சமூகவியல் படித்த வகுப்பறையிலும் விசாகா ஒரு முழுப் பாடம், பன்வாரி ஓர் அடிக்குறிப்பு. வயலில் தாக்கப்பட்ட பெண்ணிடமிருந்து பிறந்த சட்டம் அலுவலகத்துக்கு வந்து சேரும்போது, அந்த வயலை யார் ஆண்டார்கள் என்ற கேள்வி தொலைந்துவிட்டது. பேக்கிங் பிரிவு அக்காவுக்கு இது மேடங்களின் சட்டமாகத் தெரிவதற்கு இந்த இடத்தில்தான் காரணம் இருக்கிறது.

அடுத்த ஆண்டு, 1998 ஜூலையில், சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஆட்டோவில் வந்த இளைஞர்களின் சீண்டலால் உயிரிழந்தார். சில வாரங்களுக்குள் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கல்வி நிலையம், பேருந்து நிறுத்தம், சாலை என்று பொது இடங்களில் நடக்கும் சீண்டல் தனிக் குற்றமானது. அந்த மாணவியின் உயிர் எந்த உயிருக்கும் குறைந்ததில்லை. அவருக்காக அரசு வேகமாக ஓடியது சரியே. அதே வேகம் வாச்சாத்திக்கு ஏன் இல்லை என்பதே எங்கள் கேள்வி. 1998இல் வாச்சாத்திப் பெண்கள் ஆறு வருடமாக நீதிமன்றத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

2013 சட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது

விசாகா தீர்ப்பு சட்டமாக 16 ஆண்டுகள் ஆயின. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு எழுந்த கொந்தளிப்பில், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் நிறைவேறி 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. காலனிக் கூட்டத்தில் நாங்கள் சொல்லத் தவறியவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

காண்ட்ராக்ட் தொழிலாளி, தற்காலிகத் தொழிலாளி, தினக்கூலி, பயிற்சியாளர் எல்லோரும் இந்தச் சட்டத்தின் பார்வையில் ஊழியர்களே. "அவங்க எங்க ஆள் இல்ல, காண்ட்ராக்டர் ஆளு" என்று கம்பெனி கை கழுவ முடியாது. கம்பெனி அனுப்பும் பஸ்ஸும் வேனும் பணியிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்குப் புகாரை எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை நடக்கும்போது இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் வேலை செய்கிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், முதலாளியே குற்றவாளியாக இருக்கும் இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் ஆகியோருக்காக மாவட்டம்தோறும் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும். புகாரை வாங்கி ஏழு நாளில் அந்தக் குழுவுக்கு அனுப்ப ஒவ்வொரு வட்டாரத்திலும் தாலுகாவிலும் ஒரு பொறுப்பு அலுவலர் நியமிக்கப்பட வேண்டும். கும்மிடிப்பூண்டி வட்டத்திலும் அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும். அவர் யார் என்று அந்த மாலையில் நாங்கள் கேட்டபோது இருபது பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இப்போது சட்டத்தில் சாதி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். மாவட்ட உள்ளூர்க் குழு உறுப்பினர்களில் குறைந்தது ஒருவர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லது சிறுபான்மைப் பெண்ணாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. நான்கு பெரும் சமூகங்களுக்கும் சேர்த்து ஒரு நாற்காலி. கம்பெனிக்குள் அமையும் உள்ளகக் குழுவுக்கு அந்த ஒரு வரியும் இல்லை. தலித் பெண்கள் தரை துடைத்து, மூட்டை கட்டி, லைனில் நிற்கும் ஆலையில் அவர்களின் புகாரை விசாரிக்கும் மேசையைச் சுற்றி அவர்களில் ஒருவர்கூட இல்லாமல் இருப்பது சட்டப்படி சரி.

நமக்கென்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 1989இல் வந்த அந்தச் சட்டம் நம்முடைய பெரிய ஆயுதம்தான். ஆனால் அதுவும் நீதிமன்றத்தில் நழுவுகிறது. 2021 ஏப்ரலில் பதான் ஜமால் வலி வழக்கில் உச்ச நீதிமன்றம் நல்ல கருத்துகளைச் சொன்னது. பாதிக்கப்பட்டவர் ஆந்திராவைச் சேர்ந்த பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண். பெண் என்பதும் சாதியும் உடல் குறைபாடும் ஒன்றோடொன்று பின்னி ஒரே ஒடுக்குமுறையாக அவர்மேல் விழுகின்றன என்று நீதிபதி சந்திரசூட் விரிவாக எழுதினார். பாலியல் வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனை நின்றது. சாதியின் காரணமாகத்தான் குற்றம் நடந்தது என்று நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொடுத்த தண்டனை ரத்தானது. 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பெண்ணின் சாதி குற்றவாளிக்குத் தெரிந்திருந்தாலே போதும் என்று ஆக்கியிருக்கிறது. அதைப் போலீஸ் நிலையத்தில் எழுத வைப்பதற்குத்தான் ஒவ்வொரு முறையும் போராட வேண்டியிருக்கிறது.

வளாகமும் விடுதியும்

அன்று வந்திருந்த மூன்று மாணவிகளும் அவரவர் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவர்கள். புறநகர் ரயிலில் சென்னைக்குப் போய் வருகிறார்கள். லீவு நாட்களில் அவர்களில் இருவர் கம்பெனிக்கு வேலைக்குப் போவார்கள். வளாகம் ஒரு பிரச்சினை, ஆலை இன்னொரு பிரச்சினை என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். அவர்களுக்கு இரண்டும் ஒரே வாரத்துக்குள் நடக்கின்றன.

உயர்கல்வியில் இதற்கான விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2016 மே மாதம் அறிவித்தது. புகார் குழுவில் மாணவர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வர்க்கம், சாதி, பகுதி போன்ற காரணங்களால் சிலர் கூடுதலாகத் துன்புறுத்தப்படுகிறார்கள், அவர்களுக்குப் புகார் கொடுப்பதும் கடினம் என்றும் ஒப்புக்கொள்கிறது. ஆலைகளுக்கான சட்டம் எழுதத் தயங்கியதைக் கல்லூரிக்கான விதி எழுதியிருக்கிறது. எழுதியதோடு நிற்கிறது என்பதுதான் வருத்தம்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் வன்கொடுமைக்கு ஆளானபோது அவர் துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய அடையாளத்தோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. மதுராவுக்குப் பிறகு 1983இல் கிடைத்த பாதுகாப்பு 41 ஆண்டுகள் கழித்து ஒரு கணினித் திரையில் உடைந்தது. உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஐந்து மாதத்தில் நீதி சாத்தியம் என்பதை இது காட்டியது. சூளையிலிருந்தும் காண்ட்ராக்ட் ஷிப்டிலிருந்தும் வரும் புகாருக்கும் அந்த ஐந்து மாதம் பொருந்த வேண்டும்.

விடுதி இன்னொரு இருட்டு மூலை. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த, பூந்தமல்லியை அடுத்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்றே தெரியாமல் பெண்கள் இரவில் நெடுஞ்சாலைக்கு வந்து மறியல் செய்தார்கள். அது பாலியல் வன்முறை வழக்கு இல்லை. ஆனால் நம் மாவட்டத்தில் வேலைக்கு வரும் இளம்பெண்கள் எத்தகைய பூட்டுக்குள் வாழ்கிறார்கள், வெளியே சொல்ல அவர்களுக்கு எத்தனை குறைவான வழி இருக்கிறது என்பதை அந்த இரவு எல்லோருக்கும் காட்டியது. நிறுவனம் ஏற்பாடு செய்யும் தங்குமிடமும் வேலை உலகத்தின் பகுதியே என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆவது உடன்படிக்கை 2019இல் சொன்னது. இந்தியா அதற்கு இன்னும் ஏற்பளிக்கவில்லை.

திண்டுக்கல்லில் மாறியது

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் ஆடை ஆலையில் வேலை செய்த ஜெயஸ்ரீ என்ற இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். 1942இல் நாக்பூரில் பெண்கள் ஏன் பெண் மேற்பார்வையாளரைக் கேட்டார்கள் என்பதற்கு 79 ஆண்டுகள் கழித்து நம் மாநிலத்தில் கிடைத்த சாட்சி அது.

இம்முறை கதை வேறு திசையில் போனது. ஜெயஸ்ரீ தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம் அது. "ஜெயஸ்ரீக்கு நீதி" என்ற இயக்கத்தை அவர்கள் உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். அந்த ஆலையில் துணி தைத்து வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளின் கதவைத் தட்டினார்கள். 2022 ஏப்ரலில் சங்கமும் ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் ஹெச் அண்ட் எம் நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகளும் சேர்ந்து திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டு வணிக ரீதியாக நடவடிக்கை எடுக்கக் கட்டுப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலையின் துணிகளுக்குத் தடை போட்டது. ஒப்பந்தத்தின்படி நிலைமை சீராகிறது என்று கண்டு செப்டம்பரில் தடையை நீக்கியது.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களை நாங்கள் முக்கியமாகப் பார்க்கிறோம். முதலாவது, சாதிப் பாகுபாட்டையும் பாலின வன்முறையையும் அது ஒன்றாகப் பெயர் சொல்லி எழுதியது. விசாகா விட்டதைத் திண்டுக்கல் எடுத்துக்கொண்டது. இரண்டாவது, லைனில் வேலை செய்யும் பெண்களையே சங்கம் பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர்களாக்கியது. மாடியில் உட்காரும் குழுவுக்குப் புகார் ஏறிப் போக வேண்டியதில்லை. பக்கத்து மெஷினில் தைப்பவளிடம் சொல்லலாம். சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் நிபந்தனை.

கும்மிடிப்பூண்டிக்கு என்ன வேண்டும்

இரும்பு ஆலைக்கும் உதிரிபாகக் கம்பெனிக்கும் பின்னால் ஹெச் அண்ட் எம் இல்லை, வெளிநாட்டு வாடிக்கையாளரின் அழுத்தம் இங்கே வராது என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு உண்மை. அப்படியானால் அந்த அழுத்தத்தை அரசுதான் கொடுக்க வேண்டும். சிப்காட் அரசு நிறுவனம். நிலம் கொடுப்பதும் அரசு, உரிமம் கொடுப்பதும் அரசு. அதனால் நாங்கள் கேட்பவை இவை.

ஒவ்வொரு ஆலை வாசலிலும் கம்பெனி பஸ்ஸிலும் உள்ளகக் குழுவின் பெயர்களும் போன் நம்பர்களும் தமிழிலும், தெலுங்கிலும், இந்தியிலும் இருக்க வேண்டும். தாலுகா பொறுப்பு அலுவலரின் பெயர் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதப்பட வேண்டும். உள்ளகக் குழுவில் காண்ட்ராக்ட் பெண்களின் பிரதிநிதியும், தலித் அல்லது பழங்குடிப் பெண் ஒருவரும் இருப்பதை உரிம நிபந்தனையாக்க வேண்டும். பெண்கள் விடுதிகளுக்கான தமிழ்நாட்டின் 2014 சட்டத்தின்படி தொழிலாளர் விடுதிகளில் முறையான ஆய்வு நடக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் தலித் அல்லது பழங்குடிப் பெண் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு முதல் நாளிலேயே எஃப்.ஐ.ஆரில் ஏற வேண்டும். பெண்கள் வேலை செய்யும் லைனில் பெண் சூப்பர்வைசர் வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கை நம்முடையது அல்ல. நாக்பூரில் கூடிய 25,000 பேருடையது.

அரசு தரும் வரை காத்திருக்கவும் முடியாது. அன்று கூட்டம் முடிந்தபோது பேக்கிங் பிரிவு அக்காவிடம் பன்வாரி தேவியைப் பற்றிச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்தம்மாவுக்கு இன்னா ஆச்சி கடைசில?" என்று கேட்டார். வழக்கில் நீதி கிடைக்கவில்லை என்றோம். "நமக்குச் சட்டம் வாங்கிக் குடுத்துட்டு அவங்களுக்கு ஒண்ணும் கிடைக்கலியா" என்றார். பிறகு பக்கத்தில் இருந்த மாணவியிடம், கம்பெனி வாசல் நோட்டீஸைப் போனில் படம் எடுத்துத் தந்தால் தமிழில் எழுதித் தருவாயா என்று கேட்டார். அந்தப் பெண் எழுதிக் கொடுத்தாள்.

இப்போது அதன் நகல்கள் நான்கு வேன்களில் போய்க்கொண்டிருக்கின்றன. வேறு காலனிகளிலும் இதைச் செய்ய முடியும். உங்கள் ஊர்க் கம்பெனி நோட்டீஸையும் தமிழில் எழுதுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். படிக்கும்போது இந்தச் சட்டம் யாரால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.